“பேப்பர் போட்டுவிடுங்கள், ஆஃபர் லெட்டர் பின்னால் வரும்” என்று ரெக்ரூட்டர் சொன்னால் என்ன செய்வது?

தக்கலையிலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஜாவா டெவலப்பராக மூன்றரை ஆண்டு அனுபவம், 60 நாள் நோட்டீஸ். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி மூலம் விண்ணப்பித்துப் பதினோரு வாரம் ஆகிறது. நான்கு சுற்று முடிந்துவிட்டது. தேதி மூன்று முறை மாறியது. ஒரே சர்டிபிகேட்டை மூன்று முறை கேட்டார்கள். ஒருமுறை லீவு போட்டுக் கழக்கூட்டம் வரை போன பிறகு, இன்டர்வியூ எடுப்பவர் இன்று வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசிச் சுற்றில் ஜாவாவை விட டெஸ்டிங் ஆட்டோமேஷன் கேள்விகளே அதிகம். இப்போது கன்சல்டன்சியின் ரெக்ரூட்டர் போனில், “செலக்ட் ஆயிட்டீங்க, இன்னைக்கே பேப்பர் போட்டுருங்க, ஆஃபர் லெட்டர் அடுத்த வாரம் வரும்” என்கிறார். ராஜினாமா செய்யலாமா?

வேண்டாம், தம்பி. ஆஃபர் லெட்டர் வந்து, சம்பளப் பிரிவையும் பதவியையும் படித்துப் பார்த்து, ஏற்றுக்கொள்கிறேன் என்று மெயிலில் நீங்கள் பதில் அனுப்பிய பிறகுதான் ராஜினாமா. அதற்காக அந்த வேலையையே உதறிவிட வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவை ஏமாற்று வேலை அல்ல. அவற்றுக்குக் காரணம் கன்சல்டன்சிக்குப் பணம் வரும் முறை. அது புரிந்துவிட்டால் எங்கே பொறுத்துப்போவது, எங்கே பிடிவாதமாக நிற்பது என்பது தெளிவாகும்.

கன்சல்டன்சிக்கு நிறுவனம் மாதச் சம்பளம் மாதிரி எதுவும் தருவதில்லை. ஆள் சேர்ந்த பிறகுதான் கமிஷன். நம் ஊரில் வழக்கமாகப் பேசப்படும் விகிதம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். ஆறு லட்சம் ரூபாய் வேலையென்றால் ஐம்பதாயிரம். அதுவும் நீங்கள் சேர்ந்த அன்றே கைக்கு வராது. பில் போட்டு ஒன்றிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். சேர்ந்தவர் 90 நாளுக்குள் நின்றுவிட்டால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். அதனால் ஒரே ரெக்ரூட்டர் இருபது முப்பது பணியிடங்களை ஒன்றாக ஓட்டுகிறார். உங்கள் விவரம் அவரிடம் ஓர் எக்ஸல் ஷீட்டில் ஒரு வரி. அந்தத் தொழிலில் ஆள் அடிக்கடி மாறுவதால், வேறொருவர் கைக்கு அந்த ஷீட் போகும்போது முதலிலிருந்து எல்லாம் கேட்பார். ஒரே சர்டிபிகேட்டை மூன்று முறை கேட்டது இதனால்தான்.

பேப்பர் போடச் சொல்லி அவசரப்படுத்துவதற்கும் இதே கணக்குதான் காரணம். நீங்கள் ராஜினாமா செய்துவிட்டால் ‘நோட்டீஸில் இருக்கிறார், இத்தனாம் தேதி சேருவார்’ என்று நிறுவனத்திடம் சொல்லலாம். உங்களுக்கும் பின்வாங்க வழியில்லை. அவருக்குக் கமிஷன் உறுதியாகிறது. உங்களுக்கோ எதுவும் உறுதியாகவில்லை. நிறுவனத்தில் பட்ஜெட் ஒப்புதல் நின்றுபோனாலும், கிளையன்ட் பிராஜெக்ட் தள்ளிப்போனாலும் அவர் இழப்பது எக்ஸல் ஷீட்டில் ஒரு வரியை. நீங்கள் இழப்பது வேலையை.

இது வெறும் ஒழுங்கின்மையா, மோசடியா என்று பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. தேதி மாறுவது, போனை எடுக்காதது, பதவியின் பெயரையே தப்பாகச் சொல்வது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் ஒழுங்கின்மை. பணம் கேட்டால் அது வேறு. பதிவுக் கட்டணம், டிரெயினிங் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட், திருப்பித் தரப்படும் பாதுகாப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். உள்நாட்டு மென்பொருள் வேலைக்குக் கன்சல்டன்சிக்குப் பணம் தருவது நிறுவனம்தான், வேலை தேடுபவர் அல்ல. பணம் போய்விட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை இடையில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொரியரில் அனுப்பச் சொன்னாலும் இதே பதில்தான். சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது. நிறுவனம் உண்மையானதா என்ற சந்தேகம் இருந்தால் டெக்னோபார்க்கின் இணையதளத்தில் நிறுவனங்களின் பட்டியலும் வேலை வாய்ப்புப் பக்கமும் இருக்கின்றன, அங்கே பாருங்கள். ஆஃபர் வரும் மெயில் முகவரி நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருக்க வேண்டும். ஜிமெயிலில் வரும் ஆஃபரும், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்ஆக மட்டும் வரும் ஆஃபரும் ஆஃபர் ஆகாது.

நீங்கள் எழுதியதில் பணம் கேட்டதாக எதுவும் இல்லை. நேரில் போனபோது நிறுவனத்தின் அலுவலகமும் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். ஆகவே இது ஒழுங்கின்மை என்றே எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது தேதி மாறியதல்ல, ஜாவாவுக்குப் போனவரிடம் டெஸ்டிங் கேட்டதுதான். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உங்கள் ரெஸ்யூமே கன்சல்டன்சியில் திருத்தப்பட்டிருக்கிறது. நிறுவனம் அனுப்பும் பணிக்குறிப்பில் உள்ள சொற்கள் ரெஸ்யூமேயில் இல்லையென்றால் முதல் வடிகட்டலிலேயே கழிந்துவிடும் என்பதால், சில ரெக்ரூட்டர்கள் தாங்களாகவே ஒரு டெஸ்டிங் கருவியின் பெயரைப் போட்டு ‘செலினியம் இரண்டு ஆண்டு’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். இரண்டு, நீங்கள் விண்ணப்பித்த ஜாவா பணியிடம் நிரம்பிவிட்டது. உங்களிடம் சொல்லாமலே வேறொரு பணியிடத்துக்கு உங்களை நகர்த்திவிட்டார்கள்.

எதுவென்று தெரிந்துகொள்ள ரெக்ரூட்டரிடம் மூன்று விஷயங்களை மெயிலில் கேளுங்கள்: அந்தப் பணியிடத்துக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் எண்ணான ஜாப் ஐடி, அதன் முழுப் பணிக்குறிப்பு, நிறுவனத்துக்கு அனுப்பிய உங்கள் ரெஸ்யூமேயின் பிரதி. மூன்றாவதைக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். தயங்க ஒன்றுமில்லை, உங்கள் பெயரில் போன ஆவணம் அது. இனி எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் தொடக்கத்திலேயே, “என் ரெஸ்யூமேயின் எந்தப் பதிப்பு உங்களிடம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிடுங்கள். செய்யாத வேலை அதில் ஏறியிருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்போது சொன்னால் தவறு கன்சல்டன்சியுடையது. சேர்ந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் வெளிவந்தால் பொய் சொன்னவர் நீங்கள் என்றாகிவிடும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சி வழியாகப் போவது. நாகர்கோவில் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. ஒரே பணியிடத்துக்குக் கொச்சி, திருவனந்தபுரம், சென்னை மூன்று இடத்திலிருந்தும் அழைப்பு வரும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ‘முன்னணி எம்என்சி’ என்பார்கள். நிறுவனத்தின் பதிவில் உங்கள் மெயில், போன் எண் அல்லது பான் எண்ணை வைத்து முதலில் அனுப்பியவர் யார் என்று குறிக்கப்படும். கமிஷனுக்கான அந்த உரிமை பெரும்பாலும் ஆறு மாதம் நீடிக்கும். இரண்டாவது கன்சல்டன்சியும் அனுப்பினால் கமிஷன் யாருக்கு என்ற தகராறு வரும். தகராறு வேண்டாம் என்று சில எச்ஆர் அந்த விண்ணப்பத்தையே ஓரமாக வைத்துவிடுவார்கள். காரணம் உங்களுக்குத் தெரியவே வராது. அதனால் நிறுவனத்தின் பெயரையும் ஜாப் ஐடியையும் சொல்லாதவருக்கு ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். ‘இந்த நிறுவனத்தின் இந்தப் பணியிடத்துக்கு மட்டும் என் விவரங்களை அனுப்ப அனுமதிக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மெயில் தொடரில் வையுங்கள். தலைப்பில் உங்கள் பெயர், ஜாப் ஐடி, பதவி. ரெக்ரூட்டர் போனில்தான் பேசுவார், மெயில் எழுத மாட்டார். பரவாயில்லை. பேசி முடித்த பத்து நிமிடத்தில் நீங்களே எழுதுங்கள்: இன்று போனில் பேசியபடி, இன்ன தேதி, இன்ன மணிக்கு, இந்த முகவரியில், இன்னார் எடுக்கும் மூன்றாம் சுற்று; மாற்றம் இருந்தால் முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் தெரிவியுங்கள். நாலு வரி போதும். அவர் பதில் போடாவிட்டாலும் அது பதிவு. அவருக்குப் பதிலாக வேறு ஆள் வந்தால் அந்தத் தொடரை அப்படியே முன்னனுப்பிவிடலாம்.

தேதியை எண்ணில் எழுதுவது குமரி மாவட்டத்தாருக்கு இன்னும் முக்கியம். திருவனந்தபுரம் ரெக்ரூட்டர்கள் நம்மிடம் பாதி மலையாளம், பாதி ஆங்கிலம் கலந்து பேசுவார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களுக்கு அது புரியும், புரிகிறது என்பதாலேயே மறு கேள்வி கேட்க மாட்டோம். ‘அடுத்த புதன்’ என்றால் வருகிற புதனா, அதற்கடுத்த வாரமா? தமிழிலேயே ஆளுக்கொரு பொருள். கிழமை, தேதி, மாதம், மணி நான்கும் எழுத்தில் வேண்டும்.

விடுமுறைகளையும் பாருங்கள். ஓண வாரத்தில் கேரளத்தில் இன்டர்வியூ வைத்தால் அது நடக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ரெக்ரூட்டர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி கொடுத்திருப்பார். பொங்கல் வாரத்தில் இது தலைகீழ். திருவனந்தபுரத்தில் குழு வேலையில் இருக்கும், சென்னையில் ஒப்புதல் தர வேண்டியவர் ஊருக்குப் போயிருப்பார்.

இனி எந்த இன்டர்வியூவுக்கு நேரில் வரச் சொன்னாலும் இடத்தைத் துல்லியமாகக் கேளுங்கள். ‘டெக்னோபார்க்’ என்பது முகவரியாகாது. 1990-ல் தொடங்கிய அந்த வளாகம் இப்போது பல பேஸ்களாக, அதாவது கட்டங்களாகப் பரந்து கிடக்கிறது. முதல் பேஸில் நிளா, பவானி, தேஜஸ்வினி என்று கட்டடங்கள். மூன்றாம் பேஸில் கங்கா, யமுனா. நான்காம் பேஸான டெக்னோசிட்டி இன்னும் வடக்கே பள்ளிப்புறத்தில். பேஸ், கட்டடம், தளம், கேட்டில் யாருடைய பெயரைச் சொல்ல வேண்டும், அவருடைய போன் எண் என்ன என்பதெல்லாம் மெயிலில் வந்திருக்க வேண்டும். ஒரிஜினல் அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

தக்கலையிலிருந்து கழக்கூட்டம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் போனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு சந்தியிலும் நேரம் போகும். திருவனந்தபுரத்தின் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். இரணியலில் ரயில் ஏறுவது நிம்மதி, ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் கழக்கூட்டத்தில் நிற்பதில்லை. அப்படியென்றால் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்க வேண்டும். எந்த வழியென்றாலும் மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இதையே ரெக்ரூட்டரிடம் காரணமாகச் சொல்லலாம்: காலை பத்து மணி வேண்டாம், பதினொன்றரைக்கு மேல் கொடுங்கள், நான் வெளி மாவட்டத்திலிருந்து வருவதால் மீதமுள்ள சுற்றுகளை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். நியாயமான கோரிக்கை, நிறுவனங்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். வீட்டை விட்டு இறங்கும் முன் இன்டர்வியூ எடுப்பவர் இன்று வந்திருக்கிறாரா என்று ரெக்ரூட்டரைக் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. முந்தைய நாளே நிறுவனத்தின் எச்ஆர் ஒருவருடைய எண்ணை வாங்கி அவரிடம் கேளுங்கள்.

சென்னைக்கு வரச் சொன்னால் இது இன்னும் பெரிய விஷயம். எழுநூறு கிலோமீட்டர், இரவு ரயில், இரண்டு நாள் லீவு. ‘நாளை காலை பத்து மணிக்கு’ என்று இன்று மதியம் சொல்பவரிடம் முடியாது என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. முதல் சுற்றை ஆன்லைனில் முடியுங்கள், நேரில் வர ஐந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், பயணச் செலவு தருவீர்களா என்று மூன்றையும் ஒரே மெயிலில் கேளுங்கள். செலவு தருவதாகச் சொன்னால் எந்த வகுப்பு டிக்கெட், எந்தப் பில் வேண்டும் என்பதும் போகும் முன்பே எழுத்தில் வந்துவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

ஆன்லைன் சுற்றில் கெடுவது இரண்டு. ஒன்று, மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை மின்தடை இருக்கும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். இன்டர்வியூ தேதியை ஒப்புக்கொள்ளும் முன் அதைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அறிவிப்பில்லாமலும் போகும். லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும், போன் ஹாட்ஸ்பாட்டில் வீடியோ ஓடுகிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். இரண்டாவது, நேர மண்டலம். அமெரிக்க கிளையன்ட் எடுக்கும் சுற்றென்றால் ரெக்ரூட்டர் ‘காலை பத்து மணி’ என்று மட்டும் அனுப்பிவிடுவார். அமெரிக்கக் கிழக்குக் கரையின் காலை பத்து மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30, மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரவு 7.30. இந்திய நேரத்தில் காலண்டர் அழைப்பு வரும் வரை அது உறுதியான தேதியே அல்ல.

அடுத்தது பெயர். சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் ஆஃபர் கட்டத்தில் வாரக்கணக்கில் இழுப்பது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின் இனிஷியல், ஆதாரில் பெயருக்கு முன், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து துணைப்பெயர் இடத்தில், பிஎஃப் கணக்கில் இனிஷியலே இல்லை. ரெக்ரூட்டர் போனில் கேட்டு எழுதிய எழுத்துக்கூட்டு இன்னொன்று. தவறான பெயரில் ஆஃபர் வந்தால் மாற்றி வாங்க மறுபடியும் ஒப்புதல் சுற்று ஆரம்பம். முதல் மெயிலிலேயே, பான் கார்டில் உள்ளபடி என் பெயர் இது, இனிஷியலின் விரிவு இது, சான்றிதழில் இப்படி இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியையும் இப்போதே திறந்து பாருங்கள். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததுபோல் தெரியும். கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கடந்திருந்தால் அந்தத் தேதியை நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். ஆஃபர் வரும் வரை ஆதார் பிரதி தர வேண்டியதில்லை. ரெக்ரூட்டர் விடாமல் கேட்டால் எண்களை மறைத்த ஆதாரை அனுப்புங்கள். பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைச் சொல்லலாம், போனில் வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது.

சம்பளத்துக்கு வருவோம். ‘ஆறு லட்சம், கையில் ஐம்பதாயிரம்’ என்று ரெக்ரூட்டர் சொன்னால் அது தவறான கணக்கு. சிடிசி என்பது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. ஆறு லட்சம் சிடிசியில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மூன்று லட்சம் என்று வையுங்கள். நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 12 சதவீதம், 36,000. கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை 4.81 சதவீதம், 14,430. வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் வேரியபிள் சிடிசியில் பத்து சதவீதம் என்றால் 60,000. இவை மூன்றும் சிடிசிக்குள் இருக்கும், மாதாமாதம் கைக்கு வராது. மீதி 4,89,570, மாதம் சுமார் 40,800. அதிலிருந்து உங்கள் பிஎஃப் பங்கு 3,000 போனால் 37,800. கேரளத்தின் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை தனியாகப் பிடிப்பார்கள். பிஎஃப்பை மாதம் 1,800 ரூபாயோடு நிறுத்தும் நிறுவனமென்றால் கையில் கொஞ்சம் கூடும். கழக்கூட்டத்தில் அறை வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவது நாகர்கோவிலில் வீட்டுச் சாப்பாட்டோடு இப்போது மிஞ்சுவதை விட அதிகமா என்பதை 37,800-ஐ வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஐம்பதாயிரத்தை வைத்தல்ல. ஆஃபரோடு சம்பளப் பிரிவு அட்டவணை இணைக்கப்படாவிட்டால் கேட்டு வாங்குங்கள். வேரியபிள் எவ்வளவு, எப்போது தருவார்கள், சேர்ந்த முதல் ஆண்டு உண்டா என்பதும் அதில் வர வேண்டும். உங்கள் விஷயத்தில் பதவியின் பெயரை இரண்டு முறை படியுங்கள். டெவலப்பரா, டெஸ்ட் இன்ஜினியரா? மூன்றரை ஆண்டு ஜாவா அனுபவத்தோடு டெஸ்டிங்கில் போய் உட்கார்ந்தால் இரண்டு ஆண்டு கழித்து டெவலப்பராகத் திரும்புவது கஷ்டம். விரும்பிப் போவதென்றால் அது வேறு.

ஆஃபர் வந்ததும் மெயிலில் ஏற்பைத் தெரிவிக்கத் தாமதிக்காதீர்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நீங்கள் ஏற்றுக்கொண்டதைத் தெரிவிக்கும் வரை அவர்கள் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். ஏற்ற பிறகும் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்ற நிபந்தனை இருக்கும். அதனால் ஆஃபரே முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் காகிதம் இருப்பவரிடம் எச்ஆர் பேசும் விதம் வேறு. போனில் கேட்ட ‘செலக்ட் ஆயிட்டீங்க’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியாது. ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று ஒன்று வந்தால் அதுவும் ஆஃபர் அல்ல, ஆஃபர் தரும் எண்ணம் இருக்கிறது என்ற அளவில்தான். அதை வைத்தும் பேப்பர் போடாதீர்கள்.

நோட்டீஸ் நாளை நீங்களே எண்ணிச் சொல்லுங்கள், ரெக்ரூட்டர் எண்ணினால் தப்பும். ஜூன் 2 அன்று ராஜினாமா கொடுத்து மறுநாளிலிருந்து எண்ணினால், ஜூனில் 28, ஜூலையில் 31, அறுபதாவது நாள் ஆகஸ்ட் 1. சில நிறுவனங்கள் கொடுத்த நாளையும் சேர்க்கும், சில நோட்டீஸ் காலத்தில் எடுத்த லீவுக்கு ஈடாக நாளை நீட்டும். உங்கள் பணி நியமன ஆணையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முப்பது நாளில் வர வேண்டும் என்று புதிய நிறுவனம் வற்புறுத்தினால் மீதி முப்பது நாளுக்கான தொகையை யார் கட்டுவது என்பது ஆஃபர் லெட்டரிலேயே இருக்க வேண்டும். அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்தை வைத்தா, மொத்தச் சம்பளத்தை வைத்தா என்பதும் உங்கள் நியமன ஆணையில்தான் இருக்கும்.

இன்று செய்ய வேண்டியது இதுதான். ரெக்ரூட்டருக்கு மெயில் எழுதுங்கள்: தேர்வானதாகத் தெரிவித்ததற்கு நன்றி, சேர ஆர்வமாக இருக்கிறேன். ஆஃபர் லெட்டரும் சம்பளப் பிரிவும் கிடைத்த ஒரு வேலை நாளுக்குள் ஏற்பையும், அதற்கடுத்த வேலை நாளில் ராஜினாமாவையும் செய்வேன், அன்றிலிருந்து 60 நாள். கூடவே ஜாப் ஐடி, பணிக்குறிப்பு, அனுப்பிய ரெஸ்யூமே மூன்றும் வேண்டும். இதில் சண்டையும் இல்லை, மறுப்பும் இல்லை. அவர் போனில் அவசரப்படுத்தினால், “மெயில்ல போட்டிருக்கேன் மேடம், ஆஃபரை ஏத்துக்கிட்ட அடுத்த வேலை நாளே பேப்பர் போட்டுடுவேன்” என்பதையே ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துவார். நான்கு சுற்று முடித்த ஆளை ஒரு வாரத் தாமதத்துக்காக நிறுவனம் விடுவது அபூர்வம். விடுகிறது என்றால் அங்கே ஒப்புதலே ஆகவில்லை என்று அர்த்தம்.

ஐந்து வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். அதற்குப் பிறகு ஐந்து நாள் கழித்தும் ஒன்றும் வராவிட்டால் நிறுவனத்தின் எச்ஆருக்கு நேரடியாக எழுதலாம். அவருடைய முகவரி உங்களிடமே இருக்கும். ஆன்லைன் சுற்றுக்கு வந்த காலண்டர் அழைப்பைத் திறந்து யார் யாரெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்ன கன்சல்டன்சி மூலம் இந்த ஜாப் ஐடிக்கு வந்தேன், இன்ன தேதிகளில் நான்கு சுற்று முடிந்தது, தற்போதைய நிலையைத் தெரிவிக்க வேண்டுகிறேன் என்று எழுதி, ரெக்ரூட்டரையும் சிசியில் போடுங்கள். கன்சல்டன்சியின் பெயரைச் சொல்வது அவர்களுடைய கமிஷனுக்குப் பாதுகாப்பு, அதனால் அவர்கள் கோபப்படக் காரணமில்லை. குறை சொல்லி எழுத வேண்டாம், தேதிகளை வரிசையாக அடுக்கினாலே எச்ஆருக்கு விளங்கிவிடும். ரெக்ரூட்டர் உங்கள் பக்கம் ‘நிறுவனம் தாமதிக்கிறது’ என்றும், நிறுவனத்திடம் ‘ஆள் யோசிக்கிறார்’ என்றும் சொல்லி வைத்திருப்பது இந்த மெயிலில்தான் வெளிவரும்.

அதற்குள் மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். வீட்டில், “வேலை கிட்டியாச்சா?” என்று கேட்பார்கள், தெரு முழுக்கச் சொல்லவும் செய்வார்கள். கடைசிச் சுற்று முடிந்திருக்கிறது, கடிதம் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். நாகர்கோவில் அலுவலகத்தில் யாரிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். சிறிய நிறுவனம், மாலைக்குள் மேனேஜர் காதுக்குப் போய்விடும். எச்ஆருக்கு எழுதிப் பத்து வேலை நாள் கடந்தும் ஆஃபர் வரவில்லையென்றால் இந்த வேலையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி அனுப்பி அந்த மெயில் தொடரை மூடிவிடலாம்.